பதினாறாம் தேதியோடு பூட்டிய கதவு: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் விதிகளை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கல்லூரி ஆட்டக்காரர்களின் மாறுதல் விதிகளை வகுக்கும் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு) முதல் பிரிவுக் குழுவினர், தலைவர் சார்லி பேக்கர் அவர்களின் பார்வைக்கும்.

2026 ஜனவரி 16, வெள்ளிக்கிழமையோடு டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (வேறு கல்லூரி அணிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியலில்) பெயர் கொடுக்கும் காலம் முடிந்தது. அடுத்த புதன்கிழமை, கிக்கராக (பந்தை உதைப்பவனாக) ஆடும் என் மகனைத் தன் அணிக்கு அழைத்து வந்த உதவிப் பயிற்சியாளர் வேறொரு கல்லூரிக்கு வேலை மாறிப் போய்விட்டார். பிப்ரவரி முதல் வாரத்தில் அவர் இடத்துக்கு வந்தவர், தனக்குப் பழக்கமான ஒரு கிக்கரை எடுத்திருப்பதாகவும், அந்தப் பையன் ஜூனில் வந்து சேர்வான் என்றும் அறிவித்தார். அவன் ஜனவரி தொடக்கத்திலேயே போர்ட்டலில் பெயர் கொடுத்து வைத்திருந்தான். பெயர் கொடுக்கத்தான் கடைசித் தேதி, அணியைத் தேர்ந்தெடுக்க அல்ல. அதனால் அவன் இப்போதும் வரலாம். என் மகன் இப்போது போக முடியாது.

ஐந்து நாள் வித்தியாசம். அவ்வளவுதான் நடந்தது.

எனக்கு ஆங்கிலம் வரும். இருபத்து நான்கு ஆண்டுகளாக டல்லாசுக்கு வடக்கே குடியிருக்கிறேன், அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம்தான். ஆனால் அந்த ஆங்கிலம் கோபத்தை எழுத உதவவில்லை. எழுதி எழுதிப் பார்த்தால் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போடும் மனு மாதிரியே வருகிறது. ஆகவே முதலில் தமிழில் எழுதிவிட்டேன். இதன் ஆங்கில வடிவம் உங்களுக்கு வரும். தமிழில் இருப்பதால் இன்னொரு பயனும் உண்டு. எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஃபுட்பால் ஆடும் பிள்ளைகள் முன்பைவிட அதிகம். கல்லூரியில் ஒரு பயிற்சியாளர் கை குலுக்கினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற பெற்றோரும் அதிகம். நானும் அப்படி நினைத்தவள்தான்.

கிக்கர் என்றால் யார் என்று தெரியாத தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் காலால் உதைக்கிற வேலை மிகக் குறைவு. அதைச் செய்ய அணியில் தனி ஆள். மூன்று புள்ளிக்கான ஃபீல்டு கோல், டச் டவுனுக்குப் பிறகு வரும் ஒற்றைப் புள்ளி, ஆட்டத் தொடக்கத்து உதை, அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடும். அதில் என் மகன் மைதானத்தில் நிற்கிற நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கலாம். அந்த நேரத்துக்காக அவன் பதினொரு வயதிலிருந்து உதைத்துக்கொண்டிருக்கிறான். அவன் அப்பா கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். எடுபடவில்லை. பள்ளி ஆட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமை இரவுகளில் நான் மைதானத்து ஸ்டாலில் நாச்சோஸ் விற்றேன். அந்த சீஸ் வாசனை இரண்டு நாள் துணியை விட்டுப் போகாது. நாங்கள் இதில் எவ்வளவு தூரம் இறங்கினோம் என்று தெரியட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

ஓர் அணியில் மூன்று கிக்கர்கள் இருந்தால் ஆடுகிறவன் ஒருவன். மற்ற இருவரும் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். மற்ற ஆட்டப் பொறுப்புகளில் ஒருவன் களைத்தால் இன்னொருவன் உள்ளே போவான். உதைப்பவனுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. சிறப்பு அணிகளுக்கான (உதைக்கும் வேலைகளுக்கான பிரிவு) உதவிப் பயிற்சியாளர் யாரை நம்புகிறாரோ அவன்தான் ஆடுவான். தலைமைப் பயிற்சியாளருக்கு இவன் பெயர் தெரிந்திருந்தாலே பெரிய விஷயம்.

உங்கள் விதிக்கு இது தெரியவில்லை. தலைமைப் பயிற்சியாளர் மாறினால், புதியவர் அறிவிக்கப்பட்ட ஐந்து நாள் கழித்து அந்த அணியின் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் 15 நாள் தனியாகத் திறக்கிறீர்கள். உதவிப் பயிற்சியாளர் போனால் எதுவும் திறப்பதில்லை. கிக்கருக்கு, ஏன், குவார்ட்டர்பேக்குக்கும்கூட (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற முக்கிய ஆள்), வீடு தேடி வந்தவர், ஃபோனில் பேசியவர், தினமும் பயிற்சி கொடுத்தவர் எல்லாம் உதவிப் பயிற்சியாளர்தான். எங்கள் வீட்டுக்கு வந்தவரும் அவர்தான். இட்லி சாப்பிட்டார். சட்னியைப் பார்த்து இது காரமா என்று கேட்டார். "உங்கள் பையனை என் பையன் மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கும், பெரிய இடத்தில் வேலை கிடைத்தது, போனார். அவர் போகலாம் என்றால் அவரை நம்பி வந்தவனும் போகலாம் என்று ஏன் இல்லை? இந்த மடலின் கேள்வி அது ஒன்றுதான்.

நானாகப் படித்துத் தெரிந்துகொண்ட கொஞ்சம் பழைய கதையைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் பெற்றோருக்குத் தெரியாது.

2018 அக்டோபர் வரை ஓர் ஆட்டக்காரர் வேறு கல்லூரியோடு உதவித்தொகை பற்றிப் பேச வேண்டுமென்றால், இருக்கும் கல்லூரியின் அனுமதி வேண்டும். எந்தெந்தக் கல்லூரியோடு பேசக் கூடாது என்று பயிற்சியாளரே சொல்லலாம். அனுமதி கிடைத்துப் போனாலும், பெரிய கல்லூரிகளின் ஃபுட்பாலில் ஒரு பருவம் ஆடாமல் உட்கார வேண்டும். 2018 அக்டோபர் 15 அன்று போர்ட்டல் வந்தது. அனுமதி கேட்பது போய், தகவல் சொன்னால் போதும் என்றானது. 2021 ஏப்ரலில், முதல் முறை மாறுகிறவர் உட்கார வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள். இரண்டாம் முறை மாறுகிறவர்கள் காரணம் சொல்லி மனுப் போட வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் ஒரு பருவம் உட்கார வேண்டும். 2023 டிசம்பரில், ஓஹையோ உட்பட ஏழு மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் போட்ட வழக்கில், மேற்கு வர்ஜீனியாவில் நீதிபதி ஜான் பிரஸ்டன் பெய்லி அந்தத் தடையை நிறுத்தி வைத்தார். நான்கு மாதம் கழித்து, படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்று விதியையே மாற்றினீர்கள்.

சரி, நல்லது. கதவு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆனால் அது திறந்திருக்கும் நேரம்? 2022-ல் நீங்கள் முதலில் ஃபுட்பாலுக்கு நாள் குறித்தபோது குளிர்காலத்தில் 45, வசந்த காலத்தில் 15, மொத்தம் 60 நாள். அடுத்த ஆண்டு அது 45 ஆனது. 2024-25-ல் 30: டிசம்பரில் 20, ஏப்ரலில் 10. இந்த ஆண்டு ஏப்ரலே கிடையாது. ஜனவரி 2 முதல் 16 வரை, 15 நாள். 60, 45, 30, 15 என்று வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து சொல்வது போலக் குறைந்திருக்கிறது. இனிக் குறைக்க மிச்சம் அதிகமில்லை.

ஏன் குறைத்தீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. டிசம்பரில் ஒரு பக்கம் பிளேஆஃப் (தேசியப் பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகள்), ஒரு பக்கம் பரீட்சை, ஒரு பக்கம் போர்ட்டல். அணி இறுதிச் சுற்றுக்குத் தயாராகும்போதே ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஏப்ரலில் நடந்த பேரம் இன்னொன்று. 2025 ஏப்ரலில் டென்னசி அணியின் குவார்ட்டர்பேக் நிக்கோ ஐமலியாவா பயிற்சிக்கு வரவில்லை, அணி அவரை விட்டுவிட்டது, அவர் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ கல்லூரிக்குப் போனார். அவர் கேட்ட பணம், கொடுக்க மறுத்த பணம் பற்றி நாடே பேசியது. அதே ஆண்டிலேயே ஏப்ரல் விண்டோ (பெயர் கொடுக்கத் திறக்கும் காலம்) எடுக்கப்பட்டது. அது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வசந்த காலத்தில் அணியைக் கலைப்பது யாருக்கும் நல்லதில்லை என்று பயிற்சியாளர்கள் வெகு காலமாகச் சொல்லிவந்தார்கள்.

ஆனால் பேரம் பேச ஏஜென்ட் வைத்திருப்பவன் வேறு, என் மகன் வேறு. என் மகன் வாக்-ஆன். உதவித்தொகை இல்லாமல், சொந்தக் காசில் படித்துக்கொண்டு ஆடுகிறவன். அவன் யாரிடமும் பேரம் பேச முடியாது. அவனிடம் யாரும் பேரம் பேசவும் மாட்டார்கள். நட்சத்திரங்களை மனதில் வைத்து நீங்கள் பூட்டுப் போடுகிறீர்கள். நட்சத்திரத்துக்கு வக்கீல் இருக்கிறார், எப்படியாவது வெளியே வந்துவிடுவார். பூட்டுக்குள் நிற்பது வாக்-ஆன் பையன்கள்தான்.

இது ஊகமில்லை. 2024 டிசம்பரில் விஸ்கான்சின் அணியிலிருந்து சேவியர் லூக்கஸ் போக விரும்பினார். வருவாய்ப் பங்கு ஒப்பந்தத்தில் (கல்லூரி தன் வருமானத்தில் ஆட்டக்காரருக்குப் பங்கு தரும் ஒப்பந்தம்) கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று சொல்லி, கல்லூரி அவர் பெயரைப் போர்ட்டலில் ஏற்றவில்லை. அவர் வக்கீலோடு வந்தார், கல்லூரியிலிருந்து விலகினார், 2025 ஜனவரியில் மயாமியில் மாணவராகச் சேர்ந்தார், அந்த ஆண்டே ஆடினார். ஒரு மாணவர் விலகி வேறிடத்தில் சேர்ந்து உடனே ஆடுவதை எங்கள் விதி தடுக்கவில்லை என்று உங்கள் தரப்பே அப்போது சொன்னது. அப்படியானால் போர்ட்டல் எதற்கு, 15 நாள் எதற்கு? இந்த வழி எல்லாருக்கும் உண்டென்றால் விதிப்புத்தகத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். வக்கீல் வைத்தவருக்கு மட்டும் தெரிந்த வழியாக அது இருக்கக் கூடாது.

அந்த வழியில் என் மகனையும் போகச் சொல்லலாம்தானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். போர்ட்டலில் பெயர் இல்லாதவனோடு வேறு கல்லூரிப் பயிற்சியாளர் பேசக் கூடாது என்பதும் உங்கள் விதி. ஆக, யாரும் எடுத்துக்கொள்வார்களா என்றே தெரியாமல், இருக்கும் கல்லூரியைவிட்டு அவன் முதலில் விலக வேண்டும். பாதிப் பருவத்துக் கட்டணம் போகும், பாடங்கள் போகும். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து ஃபோன் வருமா என்று பார்க்க வேண்டும். மயாமி காத்திருக்கிறது என்று தெரிந்தவர் எடுக்கிற துணிச்சலை எங்களால் எடுக்க முடியாது.

வாக்-ஆன் என்று இத்தனை முறை சொல்கிறேன், காரணம் இருக்கிறது. பேக்கர் மேஃபீல்டு 2013-ல் டெக்சஸ் டெக்கில் உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து, முதல் ஆண்டே குவார்ட்டர்பேக்காக ஆடியவர். அடுத்து ஓக்லஹோமாவுக்குப் போனார், அங்கேயும் வாக்-ஆனாக. 2014 முழுவதும் உட்கார வைக்கப்பட்டார். அது போதாதென்று, பிக் 12 என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பின் விதிப்படி, ஆடும் தகுதியிலிருந்தும் ஓர் ஆண்டு கழிக்கப்பட்டது. அவருக்கு அந்தக் கல்லூரி உதவித்தொகை ஒன்றும் கொடுத்திருக்கவில்லை, பிறகு எதைக் காட்டிக் கட்டிப்போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2016 ஜூனில் கூட்டமைப்பு அந்த விதியை ஓட்டுக்கு விட்டது. முதல் நாள் தோற்றது. மறுநாள், உதவித்தொகை வாக்குறுதி பெறாத வாக்-ஆன்களுக்கு மட்டும் என்று திருத்தி ஓட்டெடுத்தபோது ஜெயித்தது. திருப்பிக் கிடைத்த அந்த ஆண்டில், 2017-ல், மேஃபீல்டு ஹைஸ்மன் கோப்பை (கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கு) வாங்கினார். அடுத்த ஏப்ரலில் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

என் மகன் மேஃபீல்டு இல்லை. அவன் என்எஃப்எல்லுக்குப் போகவும் மாட்டான், அது அவனுக்கே தெரியும். நான் சொல்ல வருவது, உதவித்தொகை இல்லாதவனைக் கட்டிப்போடுவது நியாயமில்லை என்று உங்கள் ஆட்களே பத்து ஆண்டுக்கு முன்பு ஒப்புக்கொண்டார்கள் என்பதைத்தான்.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு. 2022-ல் பள்ளி முடித்து முதல் கல்லூரியில் சேர்ந்தான். முதல் ஆண்டு ஆடவில்லை, இரண்டாம் ஆண்டு ஆட்டத் தொடக்க உதை மட்டும். 2023 டிசம்பரில் போர்ட்டலில் பெயர் கொடுத்து இப்போதைய கல்லூரிக்கு வந்தான். அப்போது அவன் கையில் 45 கிரெடிட் (படித்து முடித்த பாடங்களின் கணக்கு) இருந்தது. புதுக் கல்லூரி அதில் எத்தனையைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளும் என்று கேட்டோம். "கவலைப்படாதீர்கள், எல்லாம் வரும்" என்றார் அணியின் அலுவலகத்தில் ஒருவர். கணக்கு எழுத்தில் வந்தது வகுப்பு தொடங்கி மூன்று வாரம் கழித்து. 33. மற்ற 12 கிரெடிட் கல்லூரியின் ஏட்டில் இருக்கிறது, அவன் படிக்கிற கணினி அறிவியலில் எதற்கும் உதவாது. ஒரு முழுப் படிப்புப் பருவம் அப்படியே போயிற்று.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் உங்கள் தகுதி விதியே கிரெடிட்டின் மேல்தான் நிற்கிறது. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்தில் 40 சதவீதம், நான்காம் ஆண்டுக்கு 60, ஐந்தாம் ஆண்டுக்கு 80 என்பது உங்கள் அடிப்படை அளவு. பட்டத்தில் சேராத பாடம் அந்தக் கணக்கில் வராது. மாறுகிற பையன் இதைச் சரிக்கட்ட என்ன செய்கிறான்? கோடையில் காசு கட்டிப் படிக்கிறான். அல்லது எந்தத் துறை அதிகப் பாடங்களை ஏற்கிறதோ அந்தத் துறைக்கு மாறுகிறான். "இந்தத் துறைக்கு மாறினால் 42 வரும்" என்று என் மகனிடமும் சொன்னார்கள். அவன் மறுத்தான். இரண்டு கோடை படித்தான், வெளிமாநிலக் கட்டணத்தில். நாங்கள் வீட்டின் பேரில் கடன் வாங்கினோம். அவனோடு பள்ளியில் படித்தவர்கள் இந்த மே மாதம் பட்டம் வாங்குகிறார்கள். இவனுக்கு டிசம்பர்.

அப்படியிருக்க, இந்த ஆண்டு நீங்கள் தேர்ந்தெடுத்த 15 நாளைப் பாருங்கள். ஜனவரி 2-லிருந்து 16 வரை. பெரும்பாலான கல்லூரிகளில் வசந்த காலப் பருவம் தொடங்குவது ஜனவரி நடுவில். பெயர் கொடுத்து, பயிற்சியாளர்களோடு பேசி, ஊரைப் போய்ப் பார்த்து, பழைய பாடங்களின் கணக்கு கேட்டு, சேர்ந்து, வகுப்பில் உட்கார வேண்டும். கல்லூரி அலுவலகங்கள் புத்தாண்டு விடுமுறை முடிந்து திறப்பதற்கே சில நாள் ஆகும். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள்கூட மண்டபம் காலியா என்று பார்த்துவிட்டுத்தான் குறிப்பார்கள்.

உதவித்தொகை விஷயம் இன்னும் எளிது. 2024 பருவம் முடிந்ததும் "அடுத்த ஆண்டு நிச்சயம்" என்றார்கள். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் ஆண்டு ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர் வரை. கூடவே ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்ற உச்சவரம்பு. முன்பு 85 உதவித்தொகை என்றுதான் வரம்பு இருந்தது, அதற்கு மேல் வாக்-ஆன்கள் இருக்கலாம். இந்த வரம்பால் பிள்ளைகள் வெளியே தள்ளப்படுவதைப் பார்த்துத்தான் அந்த நீதிபதி ஏப்ரலில் ஒப்புதலையே தள்ளி வைத்தார். திருத்தி வந்தபோது, தள்ளப்பட்டவர்களை வரம்புக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். "வைத்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதவில்லை. என் மகன் 105-க்குள் இருந்தான். உதவித்தொகை பேச்சு மட்டும் மறைந்துபோனது. அவன் 2025 பருவம் முழுவதும் முதல் கிக்கராக ஆடினான், கட்டணம் கட்டிக்கொண்டே.

ஜனவரி 14 அன்று, விண்டோ மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, அவன் போய்க் கேட்டான்: நான் இருக்கவா, பெயர் கொடுக்கவா? "நீதான் எங்கள் கிக்கர்" என்று பதில் வந்தது. சொன்னவரே அடுத்த வாரம் போய்விட்டார். பிப்ரவரியில் கல்லூரியின் விதி அலுவலகத்துக்கு நானே ஃபோன் செய்தேன். பொறுமையாகத்தான் பேசினார்கள். உதவித்தொகையைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ விண்டோவுக்கு வெளியேயும் பெயர் கொடுக்க விதிவிலக்கு உண்டாம். உங்கள் மகனுக்கு உதவித்தொகை எவ்வளவு என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் குறைக்க எதுவும் இல்லையே, பொருந்தாது என்றார்கள். அவனை அணியிலிருந்து யாரும் நீக்கவும் இல்லை, ஆகவே அதைச் சொல்லியும் கேட்க முடியாது. ஃபோனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆட ஐந்து ஆண்டு, அதற்குள் நான்கு பருவம் என்பது உங்கள் கடிகாரம். இவனுக்கு அது 2022-ல் ஓடத் தொடங்கியது. மிச்சம் 2026 ஒன்றுதான். அடுத்த ஜனவரியில் கதவு திறக்கும்போது அவனுக்கு ஆட ஆண்டே இருக்காது.

பயிற்சியாளர்களை உங்கள் விதி எப்படி நடத்துகிறது என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். போன நவம்பர் 30 அன்று தலைமைப் பயிற்சியாளர் லேன் கிஃபின் ஓல் மிஸ் அணியை விட்டு எல்எஸ்யூவுக்குப் போனார். அவர் பழைய அணி தேசியப் பிளேஆஃபுக்குள் நுழைகிற நேரம் அது. அவர் ஒரு பருவம் உட்கார வேண்டியிருந்ததா? 15 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டியிருந்ததா? 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையைவிட்டு அனுப்பியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கு மேல். பெரியவர்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, உடைத்தால் விலை இருக்கிறது. வாக்-ஆனுக்கு ஒப்பந்தமும் இல்லை, விலையும் இல்லை, கட்டு மட்டும் இருக்கிறது.

நீங்கள் மனம் மாறியதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023-ல் வட கரோலினா அணியின் டெஸ் வாக்கரை நினைவிருக்கும். அவர் முதலில் சேர்ந்த கல்லூரியில் கோவிட்டால் அந்தப் பருவம் ஆட்டமே நடக்கவில்லை. இருந்தும் அதையும் ஒரு மாறுதலாக எண்ணி, அவர் மனுவை நிராகரித்தீர்கள். நோயுற்ற பாட்டிக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதும் அவர் சொன்ன காரணம். பயிற்சியாளர் மேக் பிரவுன் பகிரங்கமாகக் கண்டித்தார், நாடு முழுக்கச் செய்தி. அக்டோபரில் புதிய தகவல் வந்தது என்று சொல்லி அனுமதித்தீர்கள். அதற்குள் நான்கு ஆட்டம் போயிருந்தது. அவருக்காகப் பேச ஒரு பெரிய பயிற்சியாளர் இருந்தார். என் மகனுக்காகப் பேச நான் இருக்கிறேன். அதையும் அவன் விரும்பவில்லை. "விடும்மா, நீ லெட்டர் போட்டேன்னு தெரிஞ்சா அங்க இன்னும் மோசமாயிடும்" என்கிறான். அதனால்தான் கல்லூரியின் பெயரை எழுதவில்லை. தனி மனுவாகவும் அனுப்பவில்லை. அவனுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள் என்று கேட்பதற்கு இந்த மடல் இல்லை.

நான் கேட்பது இவை.

உதவித்தொகையோ வருவாய்ப் பங்கு ஒப்பந்தமோ இல்லாத ஆட்டக்காரர்களுக்கு, வசந்த காலப் பயிற்சி முடிந்ததும் 10 நாள் திறந்து கொடுங்கள். நீங்கள் போன ஆண்டு வைத்திருந்த அதே 10 நாள்தான். பணப் பேரம் பற்றிய உங்கள் பயம் இவர்களுக்குப் பொருந்தாது. இதை இந்த ஏப்ரலுக்கே செய்ய வேண்டும். 2024 ஏப்ரலில் மாறுதல் விதியை அவசரத் தீர்மானமாக நிறைவேற்றியவர்கள் நீங்கள், நேரமில்லை என்று சொல்ல முடியாது.

ஆட்டக்காரரின் இடத்துக்கு நேரடிப் பொறுப்பான உதவிப் பயிற்சியாளர் விண்டோ மூடிய பிறகு போனால், அவர் கீழ் இருந்தவர்களுக்கு மட்டும், தலைமைப் பயிற்சியாளர் போனால் கொடுக்கிற அதே 15 நாளைக் கொடுங்கள். கிக்கர்கள் என்றால் அது ஓர் அணிக்கு இரண்டு மூன்று பேர். எந்த அணியும் கலைந்துவிடாது.

போர்ட்டலில் இருந்து ஒருவரை எடுக்கிற கல்லூரி, அவர் சேருவதற்கு முன்பு, எந்தெந்தப் பாடம் எந்தப் பட்டத்தில் சேரும் என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். பிறகு அந்தக் கணக்கு குறைந்தால் அந்தப் பாடங்களுக்கான கோடைக் கட்டணத்தைக் கல்லூரி கட்ட வேண்டும். வாயால் சொன்ன உதவித்தொகைக்கும் இதுவே. சொன்னால் எழுதிக் கொடுக்கட்டும், எழுத முடியாதென்றால் சொல்லாமல் இருக்கட்டும்.

விண்டோ தேதிகளை முடிவு செய்கிற குழுவில் வாக்-ஆனாக ஆடிய ஒருவருக்கு ஓட்டுரிமையோடு இடம் கொடுங்கள்.

விலகிச் சேர்ந்து ஆடலாமா, கூடாதா என்பதை விதிப்புத்தகத்தில் ஒரே வரியில், எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

என் மகனின் அணிக்கு வசந்த காலப் பயிற்சி ஏப்ரல் மூன்றாம் வாரம் முடிகிறது. அதற்கு முன்பு உங்கள் பதில் வேண்டும். முடியாது என்பதுதான் பதில் என்றாலும், காரணத்தோடு எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாக்-ஆன் கிக்கரின் அம்மா
டல்லாஸ் அருகில், பிப்ரவரி 2026